பழைய ஜிப்சி: ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன்பக்கம் 'டொக்', வளைவில் 'கரக் கரக்' – எங்கே பார்ப்பது?

கோத்தகிரி_413 எழுதியது:

வணக்கம். இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது உங்களைக் கேட்காமல் முடியாது என்ற நிலைமை. வண்டி 2001 ஜிப்சி கிங், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ, ஹார்டு டாப், 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன், விற்கும் எண்ணம் துளியும் கிடையாது. தோட்டத்துக்குள் மண் பாதையில் தினமும் ஒரு நடை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை மேட்டுப்பாளையம் இறக்கம். மழைக்காலத்தில் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும், தண்ணீர் முன் ஹப் வரை வரும்.

சத்தம் இரண்டு விதம். வண்டி நிற்கும்போதோ மெதுவாக உருளும்போதோ ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஒரே ஒரு 'டொக்', திருப்பி வலது பக்கம் கொண்டுவந்தால் இன்னொரு 'டொக்', காலுக்குக் கீழே தரையில் அது தெரிகிறது. அடுத்தது கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இடது சக்கரப் பக்கம் 'கரக் கரக்' என்று அரைக்கிற மாதிரி வரும். வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதில்லை, நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இது போதாதென்று 65 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையிலேயே உதற ஆரம்பிக்கிறது, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது.

முதலில் காட்டிய பட்டறையில் சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இணைப்பு) போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் டை ராடு எண்டு என்றார்கள், அது செலவு குறைவு என்று டை ராடு (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் தள்ளும் கம்பி) இரண்டுக்கும் சேர்த்து நான்கு எண்டும் மாற்றி அலைன்மென்ட்டும் பார்த்தேன். சத்தம் அப்படியே இருக்கிறது. மறுபடி போனால் இப்போது ஸ்டீயரிங் பாக்ஸ் என்கிறார்கள். இடது பக்கம் சக்கரத்துக்கு உட்புறம் உருண்டையாக இருக்கும் பாகத்தில் கருப்பாக எண்ணெயும் கிரீஸும் கலந்து ஒழுகுகிறது, இதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. அடுத்து எதைக் கழட்டுவது என்று யாராவது சொல்லுங்கள்.

மலைவண்டி_வால்பாறை எழுதியது:

தம்பி, இப்போதைக்கு எதையும் கழட்ட வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். முதலில் சத்தத்தைப் பிரிக்க வேண்டும். ஜிப்சியின் முன்பக்கம் காரைப் போல இல்லை. அது பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த ஒரே இரும்பு அச்சு, இரண்டு முனையிலும் உருண்டை, அந்த உருண்டையைச் சுற்றித் திரும்பும் நக்கிள், நக்கிளைத் தாங்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக கிங்பின், ஒவ்வொரு கிங்பின்னுக்கும் ஒரு டேப்பர் பேரிங். சிவி ஜாயின்ட் அந்த உருண்டைக்கு உள்ளே கிரீஸில் கிடக்கிறது. கார் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு வளைவில் சத்தம் என்றாலே சிவி ஜாயின்ட்தான் ஞாபகத்துக்கு வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் வண்டியில் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், 'ஃப்ரீ', 'லாக்' என்று கையால் திருப்புகிற வகையா? அப்படியானால் இரண்டு பக்கமும் 'ஃப்ரீ'யில் வையுங்கள், டிரான்ஸ்ஃபர் லீவர் 2எச்-இல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) இருக்கட்டும், அதே வளைவில் இறங்கிப் பாருங்கள். ஹப் ஃப்ரீயில் இருந்து 2எச்-இல் ஓடினால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட், சிவி ஜாயின்ட், முன் டிஃப்ரன்ஷியல், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதுவுமே சுற்றாது. அப்போதும் 'கரக் கரக்' வந்தால் இந்த நான்கின் மேலும் சந்தேகம் தீர்ந்தது. காசு செலவில்லாத சோதனை, பத்து நிமிட வேலை, ஆனால் முன் ஜாயின்ட் இரண்டையும் மாற்றச் சொன்னவர்கள் இதைச் செய்து பார்த்தார்களா என்று தெரியவில்லை.

அடுத்தது ஜாக்கி. முன் அச்சைத் தூக்கிக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், ஏனென்றால் பிரேக் டிஸ்க்கையும் நக்கிளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் அது கிங்பின், அதாவது நக்கிளே உருண்டையின் மேல் ஆடுகிறது. இடமும் வலமும் கை வைத்து ஆட்டினால் டை ராடு, டிராக் லிங்க் ஆட்டம் தெரியும், அதைத்தான் நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களே.

நிற்கும்போது வரும் 'டொக்'குக்கு வண்டி தரையில், தன் எடை சக்கரத்தில் இருக்கும்படி நிற்க வேண்டும், தூக்கினால் வராது. ஒருவர் ஸ்டீயரிங்கை மத்தியில் இருந்து கால் சுற்று இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை வையுங்கள். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் உள்ள ரப்பர் கப்ளிங், ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கை ஆட்டும் கை), டிராக் லிங்க்கின் இரு முனை, பட்டையின் புஷ், சேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் இணைப்பு), யூ போல்ட் (பட்டையை அச்சோடு கட்டுவது). காது ஏமாற்றும், சேஸிஸ் முழுக்க ஒரே இரும்பு என்பதால் சத்தம் எங்கிருந்தோ வருகிற மாதிரி கேட்கும். கை ஏமாற்றாது.

எண்ணெய் ஒழுகுவதற்குச் சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு. சோதனையை முடித்துவிட்டு எழுதுங்கள்.

ஆஃப்ரோடு_திண்டுக்கல் எழுதியது:

65-இல் உதறல் என்றால் ஸ்டீயரிங் டேம்பர் போயிருக்கும். என் ஜிப்சியிலும் இதேதான் இருந்தது, புதிதாக ஒன்று மாட்டினேன், மறுநாளே நின்றுவிட்டது. முதலில் அதைப் பாருங்கள், கழட்டி மாட்ட அரை மணி நேரம் போதும்.

பட்டறை_போடி எழுதியது:

திண்டுக்கல் நண்பரே, கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இதை நான் சொல்லியே ஆக வேண்டும். டேம்பர் உதறலை அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். உதறலுக்குக் காரணம் எங்கோ இருக்கும் ஆட்டம். இருபது வருடமாக ஜீப்பும் ஜிப்சியும் எங்கள் பட்டறைக்கு வருகின்றன, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள், போடிமெட்டு ஏறி இறங்குபவை. டேம்பர் மாற்றிக்கொண்டே போய், கடைசியில் கிங்பின் பேரிங் தூளாகி வந்து நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியையும் தூக்கி ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இல்லை என்றால் எனக்கும் சந்தோஷம்தான்.

கோத்தகிரி தம்பிக்கு ஒன்று. ஸ்டீயரிங் பாக்ஸ் என்று சொன்னவர்கள் மேலே இருக்கும் திருகை இறுக்கினார்களா? லாக் நட்டைத் தளர்த்தி அந்தத் திருகை உள்ளே இறக்கினால் ஸ்டீயரிங் ஆட்டம் உடனே குறைந்த மாதிரி இருக்கும், ஆளும் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் அது சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் பார்த்து வைக்க வேண்டிய அளவு. வேறு இடத்தில் இருக்கிற ஆட்டத்தை மறைப்பதற்காக அதை இறுக்கினால் மத்தியில் பிடித்துக்கொள்ளும், உள்ளே பல் தேயும், நல்ல பாக்ஸும் கெட்டுப்போகும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பாததற்கு இது ஒரு காரணமாகவும் இருக்கலாம். திருகில் புதிதாக ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸுக்குள் கியர் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதை வருடக்கணக்கில் யாருமே திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், சேக்கிளை நீளமாக்கி வண்டியைத் தூக்கியிருக்கிறீர்களா? அப்படிச் செய்தால் அச்சு முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்து கேஸ்டர் கோணம் (பக்கத்திலிருந்து பார்த்தால் கிங்பின் சாய்ந்திருக்கும் அளவு) மாறிவிடும். கேஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் திரும்பி வராது, வேகத்தில் நிலை இருக்காது. அலைன்மென்ட் கடையில் இந்த அச்சில் டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் அளவு) மட்டும்தான் திருப்பி வைக்க முடியும், கேஸ்டரும் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் அளவு) அச்சோடு சேர்ந்தவை.

கோத்தகிரி_413 எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலைதான், தம்பியும் கூட இருந்தான்.

முதலில் ஹப். பார்த்தால் இரண்டும் 'லாக்'கில் இருந்தன. அப்பா எப்போதோ வைத்ததா, பட்டறையில் வைத்ததா தெரியவில்லை, நான் இதுவரை தொட்டதே இல்லை. திருப்பவே கஷ்டமாக இருந்தது, கொஞ்சம் ஸ்ப்ரே அடித்து ஊறவைத்துத் திருப்பினோம். ஃப்ரீயில் வைத்து இறங்கினால் வண்டி லேசாக ஓடுகிறது, முன்பு இருந்த ஒரு மெல்லிய ரீங்காரம் போய்விட்டது. ஆனால் 'கரக் கரக்' அதே இடத்தில், அதே மாதிரி வருகிறது. ஆக, சிவி ஜாயின்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்தானே?

ஜாக்கியில் தூக்கி ஆட்டியபோது வலது சக்கரம் லேசாக ஆடியது, இடது நன்றாகவே ஆடியது. பிரேக் மிதித்த பிறகும் இடது பக்கம் ஆட்டம் குறையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உருண்டைக்கும் நக்கிளுக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்கே தெரிகிறது.

'டொக்' தான் ஆச்சரியம். தம்பி ஸ்டீயரிங்கை ஆட்ட, நான் ஒவ்வொரு இடமாகக் கை வைத்துக்கொண்டே வந்தேன். பாக்ஸ் அசையவில்லை, கப்ளிங் நன்றாக இருக்கிறது, மாற்றிய எண்டுகளிலும் ஒன்றும் இல்லை. இடது பட்டையின் சேக்கிளில் கை வைத்தேன், 'டொக்' என்று உள்ளங்கையில் இடித்தது. சக்கரம் திரும்புவதற்கு முன் அச்சு முழுவதும் பக்கவாட்டில் ஒரு விரல்கடை நகர்கிறது, அதன் பிறகுதான் சக்கரம் திரும்புகிறது. புஷ் ரப்பர் ஒரு பக்கம் சுத்தமாகவே இல்லை.

வண்டி உயரம் கூட்டவில்லை. பாக்ஸ் திருகில் புதுத் தழும்பு எதுவும் இல்லை.

மலைவண்டி_வால்பாறை எழுதியது:

நல்ல வேலை தம்பி. இரண்டு சத்தம் என்று நீங்கள் முதலிலேயே பிரித்து எழுதியது பெரிய உதவி, இரண்டுக்கும் இரண்டு காரணம். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டிராக் லிங்க் சக்கரத்தைத் தள்ளுகிறது, நிற்கும் டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கிறது, அந்த விசை அச்சையே பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. அதைத் தடுப்பது பட்டையும் புஷ்ஷும்தான். புஷ் இல்லாவிட்டால் அச்சு நகர்ந்து சேக்கிளில் இடிக்கும்.

சிவி ஜாயின்ட் பற்றி: இந்தச் சத்தத்துக்கு அது காரணம் இல்லை. நன்றாக இருக்கிறதா என்பதைத் திறந்த பிறகுதான் சொல்ல முடியும், எப்படியும் கிங்பின் வேலைக்கு அதை வெளியே எடுத்தாக வேண்டும், அப்போது கழுவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஒழுகல். கிங்பின் பேரிங் குடித்துக்கொண்டிருக்க வேண்டியது கெட்டியான கிரீஸ். ஆக்ஸில் குழாயில் இருக்கும் உள் சீல் போனால் டிஃப்ரன்ஷியலின் கியர் ஆயில் உருண்டைக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். கரைந்த கிரீஸ் பின்பக்கத்துப் பெரிய சீல் வழியாக வெளியே வரும், அதே வழியில் ஓடைத் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் அடியில் தங்கும், கீழ் பேரிங் அந்தத் தண்ணீரில்தான் ஊறும். நேராக ஓடும் நேரம்தான் அதிகம் என்பதால் உருளைகள் ஒரே இடத்தில் இடித்து இடித்து, அவை உருளும் வெளி வளையமான கோப்பையில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்கும்போதுதான் உங்களுக்கு 'கரக்'. ஸ்டீயரிங் திரும்பி வராததும் அதனால்தான் என்பது என் கணிப்பு.

அப்புறம் முன் அச்சின் பிரீதரை (உள்ளே இருக்கும் காற்று போய்வரும் துவாரம்) பாருங்கள், டிஃப்ரன்ஷியல் மேலே சின்னதாக இருக்கும். அது அடைத்திருந்தால் ஓடிச் சூடானதும் உள்ளே காற்று விரிந்து ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் அதற்கு நேர் எதிர், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். புது சீல் போட்டுவிட்டு பிரீதரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இதே கதைதான். முன் டிஃப்ரன்ஷியல் ஆயிலைத் திறக்கும்போது நிறம் பாருங்கள், டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

பட்டறை_போடி எழுதியது:

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், நீங்களே செய்தாலும் சரி, பட்டறையில் கொடுத்துப் பக்கத்தில் நின்றாலும் சரி. இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம், அதனால் நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

முதலில் டிஃப்ரன்ஷியல் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஷாஃப்ட்டை இழுத்ததும் எல்லாம் தரையில். ஹப்பைக் கழட்டி, காலிப்பரை எடுத்துக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. வீல் ஹப், ஸ்பிண்டில் (ஹப் சுற்றும் குழாய்), அப்புறம் ஷாஃப்ட்டோடு சிவி ஜாயின்ட், இந்த வரிசை. பின்பக்கம் பெரிய சீலைப் பிடிக்கும் தகட்டு போல்ட்டுகள், டை ராடு எண்டு, கடைசியாக மேலும் கீழும் நான்கு நான்கு போல்ட்டில் நிற்கும் கிங்பின். கிங்பின்னுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எழுதி வையுங்கள். இதைக் கலந்துவிட்டால் நக்கிளின் மையமே மாறும்.

பேரிங் மாற்றும்போது அதன் கோப்பையையும் உருண்டையிலிருந்து தட்டி எடுத்துப் புதிதாகவே போட வேண்டும். பழைய கோப்பையில் புது பேரிங் போட்டு மூடி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பள்ளம் புது பேரிங்கையும் தின்றுவிடும். உருண்டையின் வெளிப்பரப்பில் துரு குழி இருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் புது சீல் ஒரு மாதத்தில் கிழியும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். பேரிங், ஷிம், கிங்பின் எல்லாம் போட்டு இறுக்கிவிட்டு, பெரிய சீலும் ஷாஃப்ட்டும் டை ராடும் மாட்டுவதற்கு முன், கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றை நக்கிளில் டை ராடு எண்டு உட்காரும் துளையில் மாட்டி, நக்கிளின் கைக்கு நேர்க்குத்தாக, அது திரும்பும் திசையில் இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், கிங்பின் இன்னும் உள்ளே இறங்கி இறுகும். அதிகமாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். மீன் கடைத் தராசு போதும், நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். இந்த அளவு பார்க்காமல் கை உணர்வில் மூடிய வண்டிதான் மறுபடி உதறும். டேம்பர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வலது பக்கமும் லேசாக ஆடுகிறது என்றீர்கள், அதையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். புஷ் மாற்றும்போது இரண்டு பட்டைக்கும் சேர்த்து மாற்றுங்கள், சேக்கிள் பின் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அதையும். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கோத்தகிரி_413 எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உதிரிகள் கோயம்புத்தூரில் கிடைத்தன, வேலையை ஊரிலேயே ஒரு பெரியவர் பட்டறையில், நான் பக்கத்தில் நின்று, அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டிக்கொண்டே செய்தோம். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

இடது கீழ் பேரிங் கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது. கூண்டு துருப்பிடித்து உடைந்து, உருளைகள் தனித்தனியாகக் கிரீஸ் சேற்றில் கிடந்தன, ஒன்று பாதியாகப் பிளந்திருந்தது. கோப்பையில் நீங்கள் சொன்ன மாதிரியே வரிசையாகப் பள்ளங்கள். மேல் பேரிங் பரவாயில்லை, அதையும் மாற்றினோம். சிவி ஜாயின்ட்டைப் பெட்ரோலில் கழுவிப் பார்த்தோம், பந்துகளும் தடங்களும் சுத்தமாக இருந்தன, கிரீஸ் வைத்துத் திருப்பி மாட்டிவிட்டோம். முதல் பட்டறை சொன்னதைக் கேட்டிருந்தால் நல்ல ஜாயின்ட் இரண்டையும் தூக்கிப் போட்டிருப்பேன்.

பிரீதர் சேறு காய்ந்து கல் மாதிரி அடைத்திருந்தது. டிஃப்ரன்ஷியல் ஆயில் பால் ஊற்றின டீ மாதிரிதான் வந்தது. புது ஆயில் சுமார் 2 லிட்டர் பிடித்தது.

தராசில் இடது பக்கம் முதல் தடவையே 1.4 கிலோ. வலது பக்கம் பழைய பேரிங் நன்றாக இருந்தது, ஆனால் 0.6 தான் காட்டியது, ஒரு ஷிம் எடுத்ததும் 1.3 வந்தது. புஷ் நான்கு இடத்திலும் புதிது.

இப்போது ஸ்டீயரிங்கை ஒடித்தால் சத்தமே இல்லை. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகக் கையில் சுழன்று திரும்புகிறது, அப்பா ஓட்டிய காலத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன், மறந்தே போயிருந்தது. காரமடை பக்கம் 80 வரை போய்ப் பார்த்தேன், பள்ளத்தில் விட்டும் பார்த்தேன், உதறல் இல்லை. டேம்பர் பழையதுதான்.

இரண்டு சந்தேகம். ஹப்பை எப்போதும் ஃப்ரீயிலேயே விடலாமா? பிரீதரை ஓடைத் தண்ணீர் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

மலைவண்டி_வால்பாறை எழுதியது:

படித்ததும் மனசு நிறைந்தது தம்பி. பிரீதர் இருக்கும் இடத்தில் ஒரு நிப்பிள் மாட்டி, பெட்ரோல் ஹோஸ் மாதிரி எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை அதில் சொருகி, என்ஜின் அறையில் ஃபயர்வால் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். அச்சு ஏறி இறங்கும்போது இழுபடாத அளவுக்குக் குழாயைத் தொய்வாக விடுங்கள், முனையில் தூசு போகாதபடி சின்ன ஃபில்டர் ஒன்று. பின் அச்சுக்கும் இதே மாதிரி செய்துவிடுங்கள்.

ஹப்பை ரோட்டில் ஃப்ரீயில் விடலாம், ஆனால் மாதம் ஒரு தடவையாவது லாக் செய்து 4எச்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) மண் பாதையில் ஒன்றிரண்டு கி.மீ. ஓட்டுங்கள், டிஃப்ரன்ஷியல் சுற்றி ஆயில் மேலே ஏறட்டும், ஹப்பும் இறுகாது. தார் ரோட்டில் 4எச் வேண்டாம், வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஓடைக்கு முன் லாக் செய்துவிட்டே இறங்குங்கள், நடுத் தண்ணீரில் இறங்கித் திருப்ப முடியாது.

பட்டறை_போடி எழுதியது:

தம்பி, பட்டையைக் கழட்டி மாட்டியிருக்கிறீர்கள், 300 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டுகளையும் கிங்பின் போல்ட்டுகளையும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்த்துவிடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே செய்யுங்கள்.